எந்த மெயின்?

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்கும்,

பிரிவை விட்டுப் போகிறவர்கள் புதியவர்களுக்குச் சில பக்கங்கள் எழுதி வைத்துவிட்டுப் போவது நம் செங்கல்பட்டு ஆலையில் வழக்கம். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் தலை நரைத்து, கழுத்தில் மாலையோடு கேட்டைத் தாண்டியவர்கள். எனக்கு முப்பத்துநான்கு வயது. நான் ஓய்வு பெறவில்லை. திங்கட்கிழமை முதல் திட்டமிடல் பிரிவுக்கு மாறுகிறேன். அது இரண்டாவது மாடியில் இருக்கிறது, ஏசி உண்டு, கையில் கிரீஸ் ஒட்டாது. ஆகவே நம் ஆட்கள் இதையும் ஒருவகை ஓய்வாகவே கருதுகிறார்கள். மாலைக்குச் சொல்லிவிடலாமா என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார்.

போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "பதினொரு வருஷத்துல நீங்க பாத்ததுலயே பெரிய நெருக்கடி எது மேடம்?" பாய்லரைப் பற்றியோ, மழைக்காலத்தில் பம்ப் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததைப் பற்றியோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கெல்லாம் ஃபைல் இருக்கிறது. எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் நான் நிதானமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுதியதும் நான்தான்.

ஃபைல் இல்லாத நெருக்கடி ஒன்று உண்டு. அது என் வீட்டு பாத்ரூமில், ஒரு சனிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு நடந்தது. காரணம், சொட்டிக்கொண்டிருந்த ஒரு அரை இஞ்சுக் குழாய்.

நான் குடியிருப்பது மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள குப்பத்தில். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள். செல்வி அக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அவர் கணவர் ஏழுமலை அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. மகள் ரேவதி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். மேல்வீட்டில் நானும் என் கணவரும். உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கும். எங்கள் தெருவில் அந்த அட்டவணையைப் பாதியாக்கிப் படிக்க வேண்டும்.

குழாய் மாசி மாதம் சொட்ட ஆரம்பித்தது. "லேசா சொட்டுதே" என்றார் கணவர். "லேசாத்தானே" என்றேன் நான். லாக் புக்கில் 'லேசாகக் கசிவு' என்று எழுதினால் அந்த வரியை நான் சிவப்பு மையால் அடிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்பேன். வீட்டில் கேட்கவில்லை. முதலில் குழாய்க்கு அடியில் ஒரு மக் வைத்தேன். பிறகு பக்கெட். பிறகு அந்தப் பக்கெட் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்ததும் சொட்டுவதற்கே ஒரு பயன் வந்துவிட்டது. ஆலையில் இதைத் தற்காலிக ஏற்பாடு என்போம். நம் தற்காலிக ஏற்பாடுகளில் சில என்னைவிட சீனியர்.

பிளம்பருக்கும் சொன்னேன். மூன்று வாரமாக "வந்துகினே கீறேன் மேடம்" என்றார். எங்கிருந்து வந்துகொண்டிருந்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆளுயர வால்வுகளைப் பிரித்து மாட்டுகிறவள் ஒரு குழாய்க்கு ஆள் தேடிக்கொண்டிருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு ரப்பர் வாசர் வாங்கினேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு தாளில் பட்டியல் எழுதினேன். ஒன்பது வரிகள். முதல் வரி: மாடித் தொட்டியின் வால்வை மூடு. இரண்டாவது வரி: குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார். இப்படியே போய், ஒன்பதாவது வரி: இடத்தைத் துடை. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் நீங்கள் ஒரு பிழைகூடக் காட்ட முடியாது.

ஒன்பது மணிக்குச் செல்வி அக்கா மேலே வந்தார்.

"யம்மா, இன்னிக்கு வூட்ல கீறியா நீ?"

"இருக்கேன்க்கா. அவர்தான் ஊரப்பாக்கத்துல தம்பி வீட்டுக்குப் போயிருக்காரு."

"பாப்பாவுக்குப் பதினோரு மணிக்கு இண்டர்வியூ. கம்ப்யூட்டர்லயே மூஞ்சியப் பாத்து கேப்பாங்களாம். மேல இடிக்கிறது, தட்றது எதுனா வச்சிருந்தியின்னா அப்பால வச்சுக்க."

"குழாய் ஒண்ணு சரி பண்ணணும். சத்தமே வராது. பத்து மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

"நீயேவா?"

"அரை மணி நேர வேலைக்கா."

"அதான, நீ இஞ்சினீரு ஆச்சே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதில் கிண்டல் துளியும் இல்லை.

அந்த இண்டர்வியூ ரேவதிக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது இந்த ஒரு கம்பெனிதான். அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் மேலே வந்து என்னிடம் பயிற்சி எடுத்தாள். நானும் சொல்லிக் கொடுத்தேன்: "கேள்வி வந்த உடனே வாயைத் திறக்காதே. அஞ்சு செகண்ட் யோசி. அந்த அஞ்சு செகண்ட்ல ஒண்ணும் முழுகிடாது." இதை நான் உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் வகுப்பில், சற்று நீளமாகவே.

செல்வி அக்கா அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கோழிகளைக் கூடை போட்டு மூடியிருந்தார். ஏழுமலை அண்ணனைப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கரைக்கு அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டில் மிக்ஸி போடுவதற்குக்கூட நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவில் சத்தம் போட வாய்ப்புள்ள எல்லாமும் அவருடைய பட்டியலில் இருந்தன. தாளில் எழுதாத பட்டியல். அதில் என் பெயருக்கு நேரே டிக் விழுந்துவிட்டது.

நான் மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே இரண்டு தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு, சமையலறைக்குப் போவது. இன்னொன்று போரிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீருக்கு, பாத்ரூமுக்குப் போவது. இரண்டின் குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறங்குகின்றன. இரண்டுக்கும் ஒவ்வொரு வால்வு, எதிலும் எழுத்து இல்லை. ஒரு வால்வைத் திருகிப் பார்த்தேன். உப்பு இறுகி, அசையவே இல்லை. மற்றதைத் தொட்டேன். வெண்ணெய் போலத் திரும்பியது. மூடிவிட்டுக் கீழே வந்தேன்.

எளிதாகத் திரும்புகிற வால்வுதான் சரியான வால்வு என்று மனது எப்படியோ நம்பிவிடுகிறது. அன்று நான் கற்றுக்கொண்டவற்றில் இது சின்னது.

அடுத்து இரண்டாவது வரி, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்ப்பது. பார்த்தேன். மாடியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வருவது சமையலறை. அந்தக் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் வந்து, இருமி, நின்றது. தாளில் டிக் அடித்தேன்.

சமையலறைக்கு வருவது ஒரு தண்ணீர், பாத்ரூமுக்கு வருவது வேறு தண்ணீர் என்பது எனக்குத் தெரியாதா? ஐந்து வருடமாகத் தெரியும். ஷாம்பு நுரைக்காத தண்ணீர் எது என்று தெரியாமல் யாரும் அந்தக் கடற்கரையில் தலைக்குக் குளிக்க முடியாது. ஆனால் அன்று நான் குளிக்கப் போகவில்லை, வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் குடியிருப்பவளுக்குத் தெரிந்திருந்தது, பட்டியலோடு வந்தவளுக்குத் தெரியவில்லை. ஒரு இயந்திரத்தை நிறுத்திவிட்டோம் என்று உறுதி செய்யும்போது, உறுதி செய்வதும் அதே இயந்திரத்தில்தானா என்று பாருங்கள். இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

குழாயின் கைப்பிடியைக் கழற்றினேன். அதற்கு அடியில், வாசரைப் பிடித்திருக்கும் பித்தளைத் தலையைத் திருகி வெளியே எடுக்க வேண்டும். உப்பு அதையும் இறுக்கி வைத்திருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். மீண்டும் விட்டேன். மீண்டும் காத்திருந்தேன். ஸ்பேனரின் முனையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் அசைந்திருக்கும். சத்தம் வராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே ஓசையில்லாமல், பொறுமையாகத் தவறு செய்துகொண்டிருந்தேன். பத்து மணி, பத்தரை ஆகி, பதினொன்றும் ஆனது. பாத்ரூம் ஜன்னல் கீழ்வீட்டு அறைக்கு மேலேதான் இருக்கிறது. ரேவதி "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம்" என்று சொன்னது கேட்டது. குரல் தெளிவாக இருந்தது. நிம்மதியாக ஸ்பேனரை இன்னொரு முறை இழுத்தேன். பித்தளைத் தலை அசைந்தது.

மரையோரமாகத் தண்ணீர் கசிந்தது. குழாய்க்குள் நின்ற மிச்சத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டேன். மிச்சம் தீரவில்லை. இன்னும் ஒரு சுற்று. இன்னும் மிச்சம். உங்களில் யாராவது இதைக் காட்டி "மிச்சத் தண்ணி மேடம்" என்று சொல்லியிருந்தால், வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வால்வைப் பார்த்து வாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். என்னை அனுப்ப அங்கே யாரும் இல்லை.

கடைசி மரை விட்டதும் தலை கையோடு வந்தது. தண்ணீர் நேராக முகத்தில் அடித்தது. பித்தளைத் தலை கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. குழாயின் வாயை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். பிடித்த பிறகு கையை எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. விரலிடுக்கு வழியாக நான்கு திசையிலும் பீச்சியது. நம்முடைய ஆலையில், ஒவ்வொரு கூடத்திலும், நீராவி, தண்ணீர், காற்று எதுவானாலும் அதன் தலைமை வால்வுக்கு ஒரே சொல்தான். அந்தச் சொல் பதினொரு வருடமாக என் வாயில் தயாராக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, மெயினை ஆஃப் பண்ணுங்க. சீக்கிரம். மெயினை ஆஃப் பண்ணுங்க."

ஐந்து நொடி கணக்கெல்லாம் இல்லை. அரை நொடிகூட இல்லை.

பாத்ரூம் விளக்கு அணைந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் மாடிப்படியில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. பாத்ரூம் வாசலில் செல்வி அக்கா நின்றார். காலில் ரப்பர் செருப்பு. தலைக்கு மேலே ஓங்கிய நிலையில் ஏழுமலை அண்ணனின் துடுப்பு.

"வுட்டுடுச்சா? கரண்டு வுட்டுடுச்சா?"

"கரண்ட் இல்லக்கா..."

"கைய எட்றீ. ரெண்டு வூட்டு மெயினும் அணைச்சிட்டேன். ஏன் இன்னும் புடிச்சிகினு கீற? ஒட்டிக்கிச்சா?"

"ஷாக் அடிக்கலக்கா. தண்ணி. தண்ணி மெயினைச் சொன்னேன்."

துடுப்பு அப்படியே மேலே நின்றது. அக்கா என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணிக்கு ஏதும்மா மெயினு? தண்ணிக்கு வாலு. கரண்டுக்குத்தான் மெயினு."

நான் உள்ளங்கையை இன்னும் இறுக்கி அழுத்தினேன்.

"சரி, கைய எடு."

"எடுத்தா தண்ணி கொட்டும்க்கா."

"கொட்டட்டுமே. பாத்ரூம்ல தண்ணி கொட்னா இன்னா கெட்டுப்பூடும்? கொட்றதுக்குத்தான கட்டி வச்சிருக்கோம்."

கையை எடுத்தேன். தண்ணீர் ஒரு முழ உயரம் எழும்பி, தரையில் விழுந்து, மூலையில் இருந்த சல்லடை வழியாக அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் எந்த அறையில் வேண்டுமானாலும் குழாய் உடைந்திருக்கலாம். நனைவதற்கென்றே கட்டிய ஒரே அறையில் நின்றுகொண்டு, நனையாமல் காப்பாற்ற நான் போராடியிருக்கிறேன். விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு நடந்து போய் வந்திருந்தால் உப்புத் தண்ணீர் சில பக்கெட் போயிருக்கும், அவ்வளவுதான்.

அப்போதுதான் கீழேயிருந்து ரேவதியின் குரல் கேட்டது. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். "அம்மா, யாரு மெயினை ஆஃப் பண்ணது?"

செல்வி அக்கா துடுப்பை மெதுவாகக் கீழே இறக்கினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வந்ததை நான் எழுதப் போவதில்லை. மகளின் இண்டர்வியூ அவருக்கு அந்தக் கணம்வரை நினைவுக்கே வரவில்லை. ஒன்றரை வருடம் காத்திருந்து, கோழியைக்கூட மூடி வைத்தவர், மேல்வீட்டுக்காரி சாகிறாள் என்று நினைத்ததும் கேட்காமல் அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

இரண்டு பேரும் இறங்கி ஓடினோம். தண்ணீர் அதன் பாட்டுக்கு மேலே கொட்டியது. படிக்கு அடியில் இருந்த பெட்டியில் இரண்டு மெயினையும் அவரே போட்டார். ரேவதியின் லேப்டாப் யாரோ பயன்படுத்தி விற்றது. பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அது மறுபடி உயிர் பெற்று, வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு வர ஏழு நிமிடம் ஆனது. என் ஃபோனிலிருந்து இணையம் தரலாம் என்று பார்த்தால், அந்த அறைக்குள் சிக்னல் எப்போதுமே கிடைக்காது. நான் ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "நான் அவங்ககிட்ட பேசறேன் ரேவதி. நானே பதினொரு வருஷ சர்வீஸ், எல்லாத்தையும் விளக்கிச் சொல்றேன்" என்றேன்.

ரேவதி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அக்கா, நீங்க செத்த கம்முனு இருங்க. அஞ்சு செகண்ட்."

நான் வாசலுக்கு வெளியே போய் நின்றேன். திரை மீண்டும் தெரிந்தது. ஒரு ஆண் குரல் கேட்டது: "என்னம்மா, பவர் கட்டா?"

நானாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன். இந்த ஊரில் யாரும் சந்தேகப்படாத காரணம் அது. கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ரேவதி ஐந்து நொடி எடுத்துக்கொண்டாள். வெளியே நின்று நான் எண்ணினேன்.

"இல்ல சார். எங்க அம்மாதான் மெயினை ஆஃப் பண்ணாங்க. மேல்வீட்டுல ஒரு அக்கா மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தினாங்க. ஷாக் அடிச்சிடுச்சுன்னு அம்மா நினைச்சிட்டாங்க. அவங்க சொன்னது தண்ணி வால்வை."

ஒரு பெண் குரல்: "அந்த அக்கா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க மேடம். நனைஞ்சிருக்காங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு கேள்விகள் தொடர்ந்தன. மொத்தம் இருபது நிமிட இண்டர்வியூ. கெட்டது போக மீதி எட்டு நிமிடம்தான் கிடைத்தது. நான் மேலே போய், அசையாத அந்த வால்வை எண்ணெயும் சுத்தியலும் போட்டு மூடினேன். இப்போது சத்தம் போடத் தடையில்லை, கோழிகளையும் திறந்து விட்டிருந்தார்கள். பித்தளைத் தலை கதவுக்குப் பின்னால் கிடந்தது. வாசரை மாற்ற நான்கு நிமிடம் பிடித்தது. குழாய் அதன்பிறகு ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை. குழாயைப் பொறுத்தவரை இதை வெற்றி என்றே எழுத வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ரேவதிக்கு மெயில் வந்தது. தேர்வாகவில்லை. காரணம் எழுதவில்லை, அவர்கள் எழுதுவதில்லை. கெட்டுப்போன பன்னிரண்டு நிமிடம்தான் காரணமா, அது இல்லாமலும் இப்படித்தான் ஆகியிருக்குமா என்பது எனக்குத் தெரியப்போவதே இல்லை. அவள் பிறகு மறைமலைநகரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். விடியற்காலை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கணக்கை அது முடித்துவைக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது செல்வி அக்கா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என் மேல கோவம் இருக்கும்க்கா."

"கோவந்தான். உசுரு போவுதுன்னு ஓடியாந்தா, குளிச்சிகினு நிக்கிற," என்றார். "வேலை இன்னொண்ணு வரும். நீ செத்துப்பூட்டியின்னா மேல்வூட்டுக்கு நான் எவளத் தேடுவேன்?"

இதோடு நான் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஃபைல் இருக்கிற நெருக்கடிகளில் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சேர்ந்த நான்காவது வருடம், இரண்டாம் கூடத்தில் ஒரு நீராவிக் குழாயில் கசிவு. நீராவிக்கான மெயினுக்குப் பதிலாக, காற்றுக்கான மெயினை ஒரு ஹெல்பர் மூடிவிட்டார். கூடம் முழுவதும் அரை நாள் நின்றது. அச்சரப்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். அறிக்கையில் 'உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டார். கவனக்குறைவு' என்று இருக்கும். அவரைக் கூடத்திலிருந்து எடுத்து, வெளியே யார்டில் போட்டார்கள். உத்தரவைக் கொடுத்தவர் யார் என்று அந்த அறிக்கையில் இல்லை. கொடுத்தவரும் அறிக்கையை எழுதியவரும் ஒருவர்தான். "மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று அந்தக் கூடத்தில் கத்தியது நான்.

குழாய் சம்பவத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அந்த ஃபைலை எடுத்துப் படித்தேன். தமிழில் நான் எழுதிய மிகச் சுத்தமான பக்கம் அது. செல்வி அக்காவுக்கு நானே ஒரு அறிக்கை எழுத வேண்டியிருந்தால் அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பேன்: உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டார். எழுதினால் யாரும் கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அந்த ஹெல்பர் அதற்குள் வேலையை விட்டு ஊரோடு இருந்தார். நம்பர் தேடிப் பிடித்து ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர், "அது எப்பவோ போச்சே மேடம்," என்றார்.

"தப்பு என்னோடதுன்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்கேன்."

"எழுதினா எழுதுங்க. எனக்கு அப்பவே தெரியும் மேடம். அங்க ரெண்டு மெயினு இருந்துது. எதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க திட்டுவீங்க," என்றார் சாதாரணமாக. குற்றம் சொல்கிற தொனி இல்லை. வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல இருந்தது.

அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் நம் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. நீங்கள் வந்த முதல் நாளே அதைப் பார்த்து உங்களுக்குள் சிரித்துக்கொண்டீர்கள், எனக்குத் தெரியும். எவ்வளவு பெரிய அதிகாரி, எவ்வளவு அவசரமாக "மெயின்" என்று சொன்னாலும், கையை வைப்பதற்கு முன்னால் "எந்த மெயின்?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதற்காக உங்கள் மேல் அறிக்கை எழுதினால், அந்தத் தாளை இரண்டாவது மாடிக்கு என்னிடம் அனுப்புங்கள். அங்கே எனக்கு இனி நிறைய நேரம் இருக்கும்.

நீங்கள் கத்துகிறவராக இருந்தால், இன்னும் ஒரு சொல் கூட்டிக் கத்துங்கள். 'தண்ணி' என்று அன்று முன்னால் சேர்த்திருந்தால் போதும். அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. அதற்கும் முன்னால், உண்மையிலேயே கத்த வேண்டிய இடத்தில்தான் நிற்கிறோமா என்று பாருங்கள். கொட்டினால் கெட்டுப்போகாத இடத்தில் கொட்டட்டும் என்று விடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அது பொறியியல் கல்லூரியில் கிடைக்கவில்லை.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு. கத்துகிற குரல் ஒரு மனிதர் சாகிற குரலாக உங்களுக்குக் கேட்டால், எந்த மெயின் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். செல்வி அக்கா அன்று செய்ததை நம் பாதுகாப்புப் பயிற்சிச் சுவரொட்டியோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். மின்சாரத்தை நிறுத்தினார். எந்த வீட்டுடையது என்று யோசித்து நேரம் கடத்தாமல் இரண்டையும் நிறுத்தினார். ரப்பர் செருப்பு மாட்டினார். காய்ந்த மரம் எடுத்தார். என்னைத் தொடவில்லை. ஐந்தும் சரி, வரிசையும் சரி. தவறு முழுவதும் கத்தியவளுடையது. கேட்டவர் தனக்குக் கேட்டதற்கு முழுமையாகச் சரியானதைச் செய்திருக்கிறார். அதற்கு ஆகும் செலவு தன் மகளுடையது என்று தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். அப்படி ஓடிவந்து, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால், உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.

மாடியில் இப்போது இரண்டு வால்விலும் லேபிள் தொங்குகிறது: 'உப்புத் தண்ணீர் - பாத்ரூம்', 'நல்ல தண்ணீர் - சமையலறை'. படிக்கு அடியில் இருக்கும் மின்சாரப் பெட்டியில் ரேவதி தன் கையெழுத்தில் 'இதுதான் மெயின்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், துடுப்பைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஏழுமலை அண்ணன் படகுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் லேபிள் இல்லாத பொருள் அது ஒன்றுதான். எதற்கென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.